ஓடை மணல் சொல்லும் சேதி

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். மலைக்கு எது பதம்? ஓடை மணல்!

மழை, பாறையை அரித்துப் பொடியை ஓடையில் சேர்க்கிறது. அந்த மண்ணைச் சோதித்தால், மேட்டில் என்ன உலோகம் இருக்கிறது என்று துப்புக் கிடைக்கும். கிணற்று நீரைக் கெடுக்கும் நச்சுப் பொருளுக்கும் துப்புக் கிடைக்கும்.

இந்திய புவியியல் ஆய்வுத் துறை 2001 முதல் இப்படி மண் எடுத்து, 4 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி வீதம் நாட்டையே படமாக வரைந்து வருகிறது.

நல்ல காரியம்தான். ஆனால், இருப்பதையெல்லாம் தோண்டலாமா?

மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் டங்ஸ்டன் இருப்பதாக அத்துறை கண்டது. குண்டு பல்பின் இழைக்கும், பாறை துளைக்கும் கருவிக்கும் வேண்டிய உலோகம் அது. 2024 நவம்பரில் சுரங்க ஏலம் முடிந்தது. மொத்தம் 2,015 ஹெக்டேர். ஏறக்குறைய 5 ஆயிரம் ஏக்கர்!

அதற்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. சமணர் குகைக் கல்வெட்டும், பாண்டியர் காலக் குடைவரைக் கோவிலும், சுனைகளும், கண்மாய்களும் உள்ள ஊர். 2022-ல் தமிழக அரசே பல்லுயிர் பாரம்பரிய தலமாக அறிவித்த இடம்.

மக்கள் கொதித்து எழுந்தனர். டிசம்பர் 9-ல் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் விவசாயிகள் மதுரைக்குப் பேரணியாக வந்தனர். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மண்ணுக்குள் இருப்பதைப் படம் சொல்லும். தோண்டலாமா என்பதை ஊரைக் கேட்க வேண்டும். ஏலத்துக்குப் பிறகு அல்ல, முன்பே!