பழுதைப் பார்த்தால் போதாது, பரிகாரத்தையும் பாருங்கள்

பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா விற்பனைக்கு வரும்போது பேச்சு பெரும்பாலும் அதன் மேனியைப் பற்றியே இருக்கிறது. கறுப்பு வண்ணம் உரிந்து பித்தளை தெரிகிறது, அடித்தகட்டில் கீறல் இருக்கிறது, பிடிமான உறை ஓரத்தில் பெயர்ந்திருக்கிறது என்று விற்பவர் வரிசையாகச் சொல்வார். அதற்கேற்ப விலையும் இறங்கும். வாங்குபவர் பேரம் படிந்த மகிழ்ச்சியில் பணத்தை எண்ணிக் கொடுப்பார். இந்தக் கணக்கு அடிப்படையிலேயே தவறு. ஒரு பழுது கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது முக்கியமல்ல. அதைச் சரிசெய்ய இன்றைக்கு வழி உண்டா, உண்டென்றால் என்ன செலவாகும் என்பதுதான் முக்கியம். வழியுள்ள பழுதுக்குப் பேரம் பேசலாம். வழியில்லாத பழுதுள்ள கேமராவை, அதன் முழு விலையும் நாளை நட்டமாகலாம் என்று தெரிந்து, மனம் ஒப்பினால் மட்டுமே வாங்க வேண்டும்.

இந்த வேறுபாடு நமக்கு எளிதில் பிடிபடாமல் போவதற்குக் காரணம், ஃபிலிம் காலத்து நம்பிக்கை. 1954இல் வந்த லைக்கா எம்3 முழுக்கப் பற்சக்கரமும் ஸ்பிரிங்கும் கண்ணாடியும் சேர்ந்த இயந்திரம். தேர்ந்த மெக்கானிக் அதைப் பிரித்து, துடைத்து, எண்ணெயிட்டு இன்றும் ஓடவைக்கிறார். பார்வைச் சாளரத்தின் நடுவில் இரட்டையாகத் தெரியும் பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி ஃபோகஸ் செய்வதுதான் ரேஞ்ச்ஃபைண்டர் முறை. அந்தப் பொருத்தம் பிசகினால் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். 2004இல் எப்சன் ஆர்-டி1, 2006இல் லைக்கா எம்8, 2009இல் முழு ஃபிரேம் சென்சாருடன் லைக்கா எம்9 என்று இதே வடிவம் டிஜிட்டலுக்கு மாறியது. உருவம் மாறவில்லை, ஆயுள் மாறிவிட்டது. உள்ளே இருக்கும் சென்சார் கெட்டால் எந்தப் பட்டறையிலும் புதிதாக ஒன்றைக் கடைந்தெடுக்க முடியாது.

எம்8, எம்9 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். எம்8இன் குறை, கேமரா வெளிவந்த சில வாரங்களிலேயே உலகறிந்தது. அதன் சென்சார் அகச்சிவப்புக் கதிரைப் போதுமான அளவு தடுக்காததால் கறுப்பு நைலான், பாலியஸ்டர் துணிகள் ஊதா கலந்த சிவப்பாகப் பதிந்தன. பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். ஆனால் தீர்வு எளியது. லென்ஸின் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரை மாட்டினால் போதும். லைக்காவே ஆளுக்கு இரண்டு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. எம்9இன் குறையோ மெல்ல வெளிப்பட்டது. சென்சார்மேல் ஒட்டியிருந்த மெல்லிய கண்ணாடி நாளடைவில் அரித்து, படங்களில் வளையம் சூழ்ந்த புள்ளிகள் தோன்றின. 2014இல் நிறுவனம் பொறுப்பேற்று இலவசமாக மாற்றித் தந்தது. 2017இல் பழைய கேமராக்களுக்கு அந்தச் சலுகை சுருங்கியது. 2020இல் மாற்றுச் சென்சார் கையிருப்பே தீர்ந்துவிட்டதாக அறிவித்தது. சென்சாரைத் தயாரித்த கோடாக் அந்தப் பிரிவை 2011இலேயே விற்றிருந்தது. ஆக, தொடக்கத்திலேயே அவப்பெயர் வாங்கிய எம்8இன் குறைக்கு இன்றும் மருந்து இருக்கிறது. கைபடாத புதுசுபோல மின்னும் எம்9க்குள் மருந்தில்லாத நோய் ஒளிந்திருக்கலாம்.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். எம்9இன் சிசிடி சென்சார் தரும் வண்ணம் பிற்காலக் கேமராக்களில் இல்லை, அதற்காகத் துணியலாம் என்பது முதலாவது. அந்த வண்ணத்தை நேசிப்பவரின் ரசனையோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் வண்ணத்துக்காக வாங்குபவருக்கே சென்சார் நலமாக இருக்க வேண்டிய தேவை மற்ற எவரையும்விட அதிகம். லென்ஸில் ஒளி நுழையும் துளையை அகலமாகத் திறந்து எடுத்தால் புள்ளி தெரியாதே என்பது இரண்டாவது. உண்மைதான், இன்றைக்குத் தெரியாது. அரிப்பு அந்த அளவிலேயே நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நிலக்காட்சிக்காகத் துளையைச் சுருக்கும் அன்று அது படத்தில் வந்து நிற்கும். கண்ணாடியை மட்டும் மாற்றித்தரும் தனியார் பட்டறைகள் வெளிநாட்டில் உண்டு என்பது மூன்றாவது. மூன்றில் வலுவானதும் இதுவே. இருந்தாலும் அந்தக் கட்டணத்தையும் அனுப்பி வாங்கும் செலவையும், வேலையின்போது சென்சாரே சேதமாகும் அபாயத்தையும் கேட்கும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டினால் மலிவு பல நேரம் மலிவாக இருக்காது.

எனவே வாங்குமுன் செய்ய வேண்டியவை இவை. துளையை எஃப்16க்குச் சுருக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல் படமெடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். தூசி என்றால் துடைத்ததும் போகும். அரிப்பு துடைத்தாலும் அங்கேயே இருக்கும். சென்சார் மாற்றியதாகச் சொன்னால் சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி விலை பேசாதீர்கள். பித்தளை தெரிவதையும் கீறலையும் பொருட்படுத்தாதீர்கள். அவை எந்தப் படத்திலும் விழப்போவதில்லை. கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கை லென்ஸில் போடுங்கள். 1954 முதல் வந்த எம் லென்ஸ்கள் பெரும்பாலும் இன்றைய எம் கேமராக்களிலும் பொருந்துகின்றன. சென்சார் கண்மூடினாலும் லென்ஸ் அடுத்த கேமராவுக்குப் போய்ச் சேரும். இவ்வளவும் பார்த்தபின், பூச்சு உரிந்து, ரேஞ்ச்ஃபைண்டர் சற்றே பிசகி, சென்சார் மட்டும் தெளிவாக இருக்கும் கேமரா ஒன்று வந்தால் தயங்காமல் வாங்கலாம்.