முன்வரிசையில் யார்? கூலிக்கு வரும் ஆளா, நம்ம பையனா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

கோயில்களுக்கு இடையிலான எழுவர் காற்பந்துப் போட்டி நெருங்குது. மூணு வாரமா வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்தில் இதே பேச்சுதான். முன்வரிசையில் யாரை இறக்குவது? எப்படி ஆடுவது? பாத்திரம் கழுவும் இடத்திலும் விவாதம், மாமாக் கடையில் தே தாரேக் குடிக்கும் இடத்திலும் விவாதம்.

ஒரு பக்கம் சொல்வது இது: "வெளியிலிருந்து உயரமான ரெண்டு பேரைக் கூப்பிடுவோம். ஆளுக்கு ஒரு ஆட்டத்துக்கு நூறு வெள்ளி. கோல்காவலர் தூக்கி அடிக்கட்டும், அவங்க தலையால முட்டி உள்ளே போடட்டும். கோப்பை வந்தா நன்கொடையும் வரும், பிள்ளைங்களும் வருவாங்க." இன்னொரு பக்கம், நம்ம அடுக்குமாடியிலிருந்து வரும் ரெண்டு பையன்களையே இறக்கலாம் என்கிறது. ஒருத்தன் ஐந்தாம் படிவம், இன்னொருத்தன் போன வருஷம் எஸ்.பி.எம். முடிச்சவன். ரெண்டு பேருமே குள்ளம். ஆனால் பந்து காலில் வந்தால் விடமாட்டாங்க.

தொண்டர்கள் நாங்கள் உட்கார்ந்து பேசி ஒரு கருத்துக்கு வந்திருக்கிறோம். அந்த ரெண்டு பையன்களும் முதல் நிமிடத்திலிருந்து ஆடவேண்டும். ஆட்ட முறையும் அவர்களுக்கு ஏற்ற மாதிரி மாறவேண்டும். கோயில் பாசத்தில் மட்டும் இதைச் சொல்லவில்லை. இதே கேள்வி நம் நாட்டுக் காற்பந்திலும் வந்தது. அதில் நடந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம்.

2010ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சுசுகி கிண்ணப் போட்டி. தேசியக் குழுவின் பயிற்றுநர் நம்ம கே. ராஜகோபால். டிசம்பர் 1ஆம் தேதி ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று தோற்றோம். அன்றைக்கு ராத்திரி எத்தனை வீட்டில் தொலைக்காட்சியைப் பாதியிலேயே அடைத்திருப்பார்கள்! ஆனால் டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் அரங்கில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று சாய்த்தோம். 29ஆம் தேதி ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும், மொத்தம் 4-2. மலேசியா அந்தக் கிண்ணத்தை முதல் தடவையாகத் தூக்கியது. இன்று வரைக்கும் அது ஒரே ஒரு தடவைதான்.

அந்தக் குழுவின் முன்வரிசை யார்? சிலாங்கூரின் சாஃபி சாலி, கிளந்தானின் நோர்ஷாருல் இட்லான். புக்கிட் ஜாலிலில் விழுந்த முதல் கோலை ஞாபகம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். நோர்ஷாருல் ஓரத்தில் தற்காப்பு ஆட்டக்காரரை ஏமாற்றிப் பந்தை உள்ளே கொடுத்தார், சாஃபி முடித்தார். தூக்கி அடித்துக் கிடைத்த கோல் கிடையாது. ஒருத்தர் எங்கே நிற்பார் என்று இன்னொருத்தருக்குத் தெரிந்ததால் வந்த கோல். சாஃபி அந்தப் போட்டியில் 5 கோல் போட்டு அதிக கோல் அடித்தவராக வந்தார்.

இப்போது முக்கியமான விஷயம். 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இடம் இல்லை. அதனால் எல்லாக் குழுவிலும் முன்வரிசையில் உள்ளூர் ஆள்தான் நின்றாகவேண்டும். வாராவாரம் ஆடி, வாராவாரம் கோல் தவறவிட்டு, திட்டு வாங்கி, மறுவாரம் திரும்பவும் ஆடி வளர்ந்தார்கள். 2010இல் சிலாங்கூர் சூப்பர் லீக்கை வென்றது, கிளந்தான் மலேசியக் கிண்ணத்தை வென்றது. அந்தச் சூட்டோடு வந்த ரெண்டு பேரைத்தான் ராஜகோபால் சேர்த்து ஆடவைத்தார். அதற்கு முந்தின வருஷம், 2009 சீ விளையாட்டில், அவர் வழிநடத்திய இளைஞர் குழு 20 வருஷம் கழித்துக் காற்பந்துத் தங்கத்தைக் கொண்டுவந்தது. குணாளன், குருசாமி மாதிரி நம்ம பிள்ளைகளும் அவர் காலத்தில் தேசியச் சட்டை போட்டார்கள்.

2012இல் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் லீக்குக்குத் திரும்பி வந்தார்கள். அவர்கள் வரவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல ஆட்டக்காரரோடு ஆடினால் நம்ம ஆளும் கற்றுக்கொள்வான், லீக்கின் தரமும் ஏறும். ஆனால் குழு முதலாளிகள் எந்த இடத்துக்கு முதலில் வெளி ஆளைத் தேடுவார்கள்? கோல் அடிக்கிற இடத்துக்குத்தானே! அப்புறம் நம்ம ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். வருஷக் கடைசியில், "நாட்டில் கோல் அடிக்க ஆளே இல்லை"ன்னு நாமே புலம்புவோம்.

அந்தப் புலம்பல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் தெரியும். 2025 ஜூன் 10, புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று வென்றோம். முதல் ரெண்டு கோலும் புதுசாகக் குடியுரிமை வாங்கிய ஃபிகெய்ரெடோ, ஹோல்காடோ என்ற ரெண்டு முன்வரிசைக்காரர்கள் போட்டது. ஊரே கொண்டாடியது. மூணே மாதத்தில், செப்டம்பரில், ஃபிஃபா ஏழு ஆட்டக்காரர்களுக்குத் தடை போட்டது, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதம் விதித்தது. தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய பத்திரங்கள் பொய்யானவை என்று அது சொன்னது. அந்த ஏழு பேரில் இந்த ரெண்டு பேரும் உண்டு.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம்? போன வாரப் பேச்சில் ஒருத்தர் சாதாரணமாகச் சொன்னார்: "போட்டி விதியில் கோயில் வட்டாரத்து ஆள்தான் ஆடணும்னு இருக்கு. பரவால்ல, நம்ம ஊர் முகவரியைப் போட்டுப் பதிவு பண்ணிடலாம், யார் பார்க்கப் போறா?" ஐயா, அண்ணே, கோபப்படாதீங்க. நம்ம ஜெர்சியில் இருப்பது சுவாமியின் பேர். அந்தப் பேரைப் போட்டுக்கொண்டு பொய் முகவரி எழுத முடியாது. யார் பார்க்கப் போறான்னு கோயிலுக்குள் நின்று கேட்கலாமா?

இன்னொன்றும் யோசிக்கணும். டெங்கிலில் இருக்கிற நம்ம குடும்பங்கள் பல, புத்ராஜெயா எழும்புவதற்காகத் தோட்டத்தை விட்டு வந்தவை. பிராங் பெசார் மாதிரி தோட்டங்களில் கோயில், பள்ளிக்கூடம், திடல் மூணும் நடக்கிற தூரத்தில் இருந்தன. சாயங்காலம் ஆனால் தாத்தாவும் பேரனும் ஒரே திடலில் நிற்பார்கள். அடுக்குமாடிக்கு வந்த பிறகு பையன்களுக்கு மிச்சம் கார் நிறுத்துமிடம்தான். அந்தத் தரையில் பந்தை உயரமாக அடித்தால் யாரோ ஒருத்தர் கார் கண்ணாடி உடையும். அதனால் தரையோடு சின்னச் சின்னதாகக் கொடுத்து வாங்கக் கற்றுக்கொண்டார்கள். நம்ம ரெண்டு பையன்களின் பலம் அங்கேதான் வந்தது. அவர்களை இறக்கிவிட்டு, கோல்காவலரைத் தூக்கி அடிக்கச் சொன்னால், குள்ளப் பையன் என்ன செய்வான்? அப்புறம், "பார்த்தீங்களா, இவனால முடியல"ன்னு அவன் தலையில் பழி போடுவோம்.

அதனால் எங்கள் யோசனை இது. கோல்காவலரைத் தவிர்த்து ஆறு பேர். பின்னால் ரெண்டு, நடுவில் ரெண்டு, முன்னால் நம்ம பையன்கள் ரெண்டு. கோல்காவலர் பந்தைக் கையால் உருட்டி விடட்டும். நடுவில் ஆடும் இருவரில் வயதில் மூத்த தம்பி எப்போதும் பின்னால் நிற்கட்டும், பந்து பறிபோனால் தடுக்க ஆள் வேணும். முன்னால் இருப்பவர்கள் ஒருத்தருக்கொருத்தர் பத்தடிக்குள் இருக்கட்டும். எதிர்க் குழு உயரமாக இருந்தால் கார்னரில் கொஞ்சம் கஷ்டம்தான், ஒரு கோல் வாங்கலாம். முதல் ஆட்டத்தில் தோற்கவும் தோற்கலாம். தோற்றால் அடுத்த ஆட்டத்திலும் அதே ரெண்டு பேர் ஆடணும். 5-1க்குப் பிறகும் நோர்ஷாருலும் சாஃபியும் ஆடினதால்தானே 3-0 வந்தது!

வெளியாளுக்குன்னு ஒதுக்கின காசை வைத்து ரெண்டு பையனுக்கும் நல்ல பூட்ஸ் வாங்கலாம், பயிற்சி நாளில் எல்லாருக்கும் மைலோவும் ரொட்டியும் கொடுக்கலாம். நன்கொடை கொடுத்த அன்பர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள் என்றே நம்புகிறோம்.

பெஞ்சில் உட்காரவைத்த பையன் முதலில் பயிற்சிக்கு வருவதை நிறுத்துவான், அப்புறம் கோயிலுக்கு வருவதை நிறுத்துவான். அதற்குப் பிறகு அவனை எங்கே தேடுவது என்று அவன் அம்மாவுக்கே தெரியாது. பக்கத்து ஊர்களில் இதைப் பார்த்துவிட்டோம். கூலிக்கு வந்த ஆள் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பங்குனி உத்திரத்துக்குக் காவடி தூக்க, தண்ணீர்ப் பந்தல் போட, பந்தி பரிமாற நம்ம பையன்தான் வரணும்.

நிர்வாகக் குழு இந்த ஞாயிறு முடிவு எடுக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே மரியாதையோடு எழுதுங்க, படித்துப் பதில் சொல்றோம். பெற்றோர்கள் கூட்டத்துக்கு வந்து பேசினால் இன்னும் நல்லது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திடலில் பயிற்சி இருக்கு. அந்த ரெண்டு பையன்களும் ஆடுவதை நேரில் பார்த்துவிட்டு அப்புறம் உங்கள் முடிவைச் சொல்லுங்க.

எல்லாம் அவன் செயல்.