பெயர் வேண்டாம், கையொப்பம் போதும்

பேஸ்பால் மைதானத்தின் தடுப்பு வேலியோரம் ஒரு சிறுவன் நிற்கிறான். ஆட்டத்திற்கு முந்தைய பயிற்சியை முடித்துத் திரும்பும் வீரர், அவன் நீட்டிய வெள்ளைப் பந்தை வாங்கிக்கொண்டு, "உன் பெயர் என்ன?" என்று கேட்கிறார். தன் பெயரைத் தன் நாயகனே எழுதித் தருவதைவிட ஒரு சிறுவனுக்கு வேறென்ன பேறு வேண்டும்? ஆனால் இவனோ, மனப்பாடம் செய்தவனைப் போல, "பெயர் வேண்டாம், கையொப்பம் போதும்" என்கிறான். வீரரின் முகம் மாறுகிறது. வேலிக்குச் சற்றுத் தள்ளி, தோளில் பெரிய பையுடன் நிற்கும் வளர்ந்த மனிதரை அவர் பார்த்துவிட்டார்.

அமெரிக்காவில் இந்தக் காட்சி புதிதன்று. சிறுவன் ஏன் தன் பெயரை மறுக்கிறான் என்பதை அந்நாட்டு விளையாட்டு வீரர் ஒவ்வொருவரும் அறிவார். "அன்புள்ள இன்னாருக்கு" என்று எழுதப்பட்ட பந்தை இன்னாரைத் தவிர வேறு யாரும் அதிக விலை கொடுத்து வாங்கமாட்டார்கள். சிவப்புத் தையல்கள் இரண்டும் நெருங்கி வரும் குறுகிய இடத்தில், நீல மைப் பால்பாயின்ட் பேனாவால், வேறோர் எழுத்தும் கலவாமல் இடப்பட்ட தனிக் கையொப்பமே சந்தையில் விலை போகும். எனவேதான் பல வீரர்கள் பிடிவாதமாகப் பெயரைக் கேட்டு எழுதுகிறார்கள். எனவேதான் வியாபாரிகளும் சிறுவர்களுக்குப் பெயரை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். சில டாலர்களுக்காக ஒரு குழந்தையைத் தன் பெயரையே வேண்டாம் எனச் சொல்ல வைக்கும் இந்தத் தொழிலைத்தான் நாம் இங்கே குற்றம் சாட்டுகிறோம்.

கையொப்பம் சேர்ப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. நம்மில் பலருடைய பழைய பெட்டிகளிலும், பள்ளி நாளில் யாரோ ஒருவர் கிறுக்கித் தந்த ஒரு சிறு புத்தகம் கிடக்கக்கூடும். பெரியவர் ஒருவரை நேரில் கண்டோம், அவரும் நம்மைக் கண்டார் என்பதற்கு அந்தக் கிறுக்கல் ஓர் அடையாளம். அந்தச் சந்திப்பு இல்லாமல் கையொப்பத்திற்குத் தனியே என்ன மதிப்பு? நாம் எதிர்ப்பது, சந்திப்பைத் தூக்கியெறிந்துவிட்டு அடையாளத்தை மட்டும் வேட்டையாடுகிறவர்களை.

இவ்வேட்டை நடக்கும் இடங்கள் பல. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் பேஸ்பால் அணிகள் பயிற்சி முகாம் நடத்தும். அங்கே மைதானங்கள் சிறியவை. வீரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நடப்பார்கள். குடும்பங்கள் குழந்தைகளோடு வருவது அதற்காகவே. அங்கேதான் பெரியவர்கள் பிள்ளைகளின் தலைக்கு மேல் கையை நீட்டி, பத்து பன்னிரண்டு படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திணிக்கிறார்கள். ஒருமுறை வாங்கியபின் தொப்பியையும் சட்டையையும் மாற்றிக்கொண்டு மறுபடியும் வந்து நிற்கிறார்கள். அணி தங்கும் விடுதியின் முகப்பிலும், விமான நிலைய வாசலிலும், வீரர்கள் கார் நிறுத்துமிடத்திலும் காத்துக் கிடக்கிறார்கள். மனைவி மக்களோடு உணவருந்தும் மனிதரின் தட்டுக்குப் பக்கத்தில் மார்க்கரை நீட்டுகிறார்கள். அவர் "இப்போது வேண்டாம்" என்றால், சற்றுமுன் "உங்கள் பரம ரசிகன்" என்ற அதே வாயால் வசைமாரி பொழிகிறார்கள். குழந்தைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நாணமும் இல்லை.

இதற்கு அவர்கள் சொல்லும் நியாயம் ஒன்றுண்டு. அதைப் பலர் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார்கள்: "கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள்தானே? அந்தப் பணம் நம் பையிலிருந்து போனதுதானே? ஒரு நொடி நின்று கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்?" கேட்பதற்கு இது நியாயம் போலத் தோன்றும். ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கியவன் ஆட்டத்தை வாங்கினான், ஆடுகிறவனை வாங்கவில்லை. வைத்தியருக்குக் கட்டணம் கொடுத்ததால், அவர் பிள்ளையின் திருமண விருந்தில் போய் நாடி பார்க்கச் சொல்ல யாருக்கும் உரிமை வந்துவிடாது. ஒரு நொடிதானே என்பவர்கள், வரிசையில் நிற்கும் எத்தனை பேர் அதே ஒரு நொடியைக் கேட்கிறார்கள் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அதோடு, கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்ற நிலை இருக்கும்வரைதான் அது கொடை. கொடுத்தே தீரவேண்டும் என்று வந்துவிட்டால் அது கப்பம்.

கொடையாக இருந்த காலம் ஒன்று இருந்தது. பேப் ரூத்தை எடுத்துக்கொள்வோம். 1902-ஆம் ஆண்டில், ஏழு வயதில், பால்டிமோர் நகரில் சவேரியன் சகோதரர்கள் நடத்திய புனித மரியா தொழிற்பள்ளியில் கொண்டுவந்து விடப்பட்ட முரட்டுச் சிறுவன் அவர். அங்கே மத்தியாஸ் என்ற துறவறச் சகோதரர்தான் அவர் கையில் மட்டையைக் கொடுத்துப் பழக்கினார். பெற்றோர் நிழலில் வளராத பிள்ளை, பெரியவனானபின் சிறுவர்களைக் கண்டால் விலகிப் போகாதவராக இருந்தார்; சலிக்காமல் கையொப்பமிட்டார். 1926-இல் நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனுக்கு, யாங்கீஸ் அணியினரும் எதிரணியான கார்டினல்ஸ் அணியினரும் கையொப்பமிட்ட பந்துகள் அனுப்பப்பட்டன. ரூத் தன் பந்தில், உனக்காக ஒரு ஹோம் ரன் அடிப்பேன் என்று வாக்கும் எழுதினார். அவ்வாண்டு உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில் ஒன்றல்ல, மூன்று அடித்தார். சிறுவன் சாகக் கிடந்தான் என்று பத்திரிகைகள் கொஞ்சம் கூட்டி எழுதியதும் உண்மைதான். பத்திரிகைகள் அன்றும் பத்திரிகைகளாகவே இருந்தன. ஆயினும் அந்தப் பந்துகளை எந்தப் பெரியவரும் சிறுவனின் தலைக்கு மேல் கைநீட்டிப் பறிக்கவில்லை.

பின்பு பணம் வந்தது. 1980களில் விளையாட்டுச் சீட்டுகளுக்கும் கையொப்பங்களுக்கும் விலை ஏறிற்று. வாரக் கடைசிகளில் கண்காட்சிகள். மேசை போட்டு அமர்ந்த வீரர்கள். ஒரு கையொப்பத்திற்கு இத்தனை டாலர் என்ற அறிவிப்பு. இங்கே வீரர்களையும் நாம் தப்ப விடலாகாது. கையொப்ப விற்பனை வருமானத்தை வரிக்கணக்கில் மறைத்ததற்காகப் பீட் ரோஸ் 1990-இல் ஐந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். டியூக் ஸ்னைடரும் வில்லி மெக்கோவியும் இதே போன்ற குற்றத்தை 1995-இல் ஒப்புக்கொண்டார்கள். இவர்கள் ஒரு தலைமுறையே தலைமேல் வைத்துக் கொண்டாடிய வீரர்கள். தன் பெயரைத் தானே எடை போட்டு விற்றவன், வேலியோரம் நிற்பவனைப் பேராசைக்காரன் என்று ஏசுவது பொருந்தாது. ஆனால் ஒருவர் விற்கிறார் என்பது மற்றவர் பறிப்பதற்கு உரிமைச்சீட்டாகுமா?

பறிப்பவர்களுக்கு அடுத்தபடி வந்தவர்கள் புனைபவர்கள். வீரரிடம் வாங்குவது சிரமம் என்றால் வீரரே எதற்கு? 1990களில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. தொடங்கிய விசாரணை, 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் 2000-ஆம் ஆண்டில் வெளியுலகிற்குத் தெரிந்தது. சான் டியாகோ அணியின் நட்சத்திரமான டோனி க்வின், தம் அணியின் சொந்த மைதானக் கடையிலேயே தம் பெயரில் போலிக் கையொப்பங்கள் விற்கப்படுவதைக் கண்டுபிடித்த கதை அப்போது பலரறியப் பேசப்பட்டது. 60-க்கும் மேற்பட்டோர் தண்டனைக்குள்ளானார்கள். 18 போலிக் கும்பல்கள் கலைக்கப்பட்டன. பெரும்புகழ் பெற்றவர்களின் பெயரில் சந்தையில் உலவியவற்றுள் பாதிக்கும் மேல் போலி என்று துறை அறிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். "உண்மையானது" எனச் சான்றளிக்கும் அழகிய பத்திரங்களும் அவற்றோடு சேர்ந்தே போலியாக அச்சிடப்பட்டன.

அந்தக் குவியலில் கிடந்த ஒரு பொருளை நம் வாசகர்கள் அறிய வேண்டும். அன்னை தெரேசாவின் கையொப்பமிட்ட பேஸ்பால் பந்து! கல்கத்தாத் தெருக்களில் கைவிடப்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த அந்தக் கைகள், சிவப்புத் தையலிட்ட பந்தில் விலைபோகும் இடம் பார்த்துப் பேனாவை வைத்தனவாம். இதைப் புனைந்தவனின் துணிவு ஒருபுறம் இருக்கட்டும். அன்னைக்கும் பேஸ்பாலுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு கணமும் கேட்காமல் காசை எடுத்து நீட்டக்கூடியவர்கள் இருப்பார்கள் என்று அவன் நம்பினானே, அந்த நம்பிக்கைதான் நம்மைச் சுடுகிறது. சந்திப்பு தேவையில்லை, பெயர் இருந்தால் போதும் என்ற மனநிலை முற்றும்போது அது சென்று சேரும் இடம் இதுவே. பெயர் யாருடையதாக இருந்தால் என்ன?

இந்த ஊழலுக்குப் பிறகு, 2001-இல், அமெரிக்கப் பேஸ்பால் லீக் நிர்வாகம் ஒரு சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. கையொப்பமிடும்போது அருகில் நின்று கண்ணால் கண்ட ஒருவர் சாட்சி சொல்ல, எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குத் தன் பெயரை எழுதிக் கொடுக்க, கூலிக்கு ஒரு சாட்சி பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதை நினைக்கும்போது நமக்குச் சிரிப்பும் வரவில்லை.

அண்மைக் காலத்தில் இந்நோய் கையொப்பத்தைத் தாண்டிவிட்டது. 2025 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் போட்டியில், போலந்து வீரர் காமில் மைக்ஷாக் வெற்றிக்குப்பின் தம் தொப்பியை ஒரு சிறுவனிடம் நீட்டினார். பக்கத்தில் நின்ற நடுவயது மனிதர் அதைப் பறித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு வருத்தம் தெரிவித்தார். ஒரு வாரம் கழித்து மயாமியில் நடந்த பேஸ்பால் ஆட்டம் ஒன்றில், ஹாரிசன் பேடர் அடித்த ஹோம் ரன் பந்தை ஒரு தந்தை எடுத்துத் தன் மகனிடம் தந்தார். அது தன்னுடையது என்று ஒரு பெண்மணி வந்து சத்தமிட, அந்தத் தந்தை மகனின் கையுறையிலிருந்து பந்தை எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டார். இரு சிறுவர்களையும் அந்தந்த வீரர்களே தேடிச் சந்தித்தார்கள். ஒருவனுக்குத் தொப்பி கிடைத்தது. மற்றவனுக்குக் கையொப்பமிட்ட மட்டை கிடைத்தது.

இத்துடன் நின்றிருந்தால் நல்லது. உலகமெங்கும் இருந்து கைப்பேசிகளில் கல்லெறிந்தவர்கள், சம்பந்தமே இல்லாத பெண்களைக்கூட "இவர்தான் அவர்" என்று பெயரிட்டுத் தூற்றினார்கள். பந்துக்காகச் சத்தமிட்டவரை நாம் கண்டிக்கிறோம். பெயர் தெரியாமலே ஒருவரைப் பிடித்துக் கிழித்தவர்களை அதைவிடக் கடுமையாகக் கண்டிக்கிறோம். அவர்களுக்கும் வேண்டியிருந்தது ஒரு பெயர்தான். யாருடையதாக இருந்தாலும் சரி.

பில் ரஸ்ஸல் என்ற கூடைப்பந்தாட்டப் பெருவீரரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோடு பதினொரு முறை வாகை சூடியவர், 2022-இல் மறைந்தார். புகழின் உச்சியில் இருந்தபோதே கையொப்பமிட மறுத்தார். ஒரு தாளை நீட்டி வாங்கிக்கொண்டு போவதில் மனிதர்கள் சந்திப்பதே இல்லை என்பது அவர் கட்சி. கையொப்பம் கேட்டவரிடம் கைகுலுக்கலாம், இரண்டு வார்த்தை பேசலாம் என்பார். கறுப்பின மனிதர் ஒருவர் மறுத்ததால் அது ஆணவம் என்று அன்றைய வெள்ளை ரசிகர் பலர் தூற்றினர். பிற்காலத்தில் அவரும் பணம் பெற்றுக்கொண்டு கையொப்பமிட்டார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் முதலில் முன்வைத்த பேரம் நமக்குப் பிடித்திருக்கிறது: தாளுக்குப் பதில் கை. அதை ஏற்றுக் கைகுலுக்கியவர்கள் எத்தனை பேர், முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் ரசிகன் யார், வேட்டைக்காரன் யார் என்பது விளங்கியிருக்கும்.

நம் பக்கத்தில் நடந்த ஒன்றையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம். 2023 மே 14 அன்று சேப்பாக்கத்தில், அப்பருவத்தின் கடைசி உள்ளூர் லீக் ஆட்டம் முடிந்து சென்னை அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். சுனில் கவாஸ்கர் ஓடிச் சென்று, தாம் அணிந்திருந்த சட்டையின் மார்பிலேயே தோனியிடம் கையொப்பம் கேட்டு வாங்கினார். எழுபதைத் தாண்டிய வயது. டெஸ்ட் ஆட்டங்களில் பத்தாயிரம் ஓட்டங்களை முதன்முதல் எட்டிய மனிதர். அவர் கையொப்பத்திற்காக எத்தனை தலைமுறைகள் காத்திருந்திருக்கும்! அவர் யாரையும் தள்ளவில்லை. எந்தக் குழந்தையையும் முன்னே நிறுத்தவில்லை. கையில் பத்துப் படங்கள் இல்லை. கேட்டார், தோனி எழுதினார், இருவரும் தழுவிக்கொண்டார்கள்.

அந்த வேலியோரச் சிறுவனிடம் திரும்பி வருவோம். வீரர் இன்னும் பேனாவை மூடவில்லை. பையுடன் நிற்கும் மனிதர் அவசரமாகக் கையசைக்கிறார். ஐயா, உங்களைத்தான் கேட்கிறோம்: பந்தை விற்றபின் அவனுக்கு எத்தனை டாலர் கொடுப்பீர்கள்? அவன் பெயரையாவது நீங்கள் கேட்டதுண்டா?