பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள்

அறந்தாங்கி வட்டாரத்துச் சொந்தங்களுக்கு,

சிங்கப்பூர் துவாஸில் கப்பல் பட்டறை வெல்டராக இருக்கிறேன். நம் பிள்ளைகள் உங்களிடம் போனில் சொல்லாததை எழுதுகிறேன்.

கப்பலின் அடி டேங்குக்குள் ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய மேன்ஹோல் வழியாகத்தான் இறங்க வேண்டும். உள்ளே இரும்புச் சூடு, பெயிண்ட் வாடை, வெல்டிங் புகை. பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கவே கூடாது. மீட்டரால் அளந்து, இறங்க அனுமதிக்கும் பர்மிட்டை மாட்டிய பிறகுதான் வேலை. சாப்பிடப் போகும்போது கேஸ் ஹோஸை வெளியே எடுத்துவிட வேண்டும். கசியும் ஹோஸ் உள்ளே கிடந்தால், திரும்பி வந்து பற்றவைக்கிற முதல் பொறியிலேயே டேங்க் எரியும். 1978இல் ஜூரோங் பட்டறையில் 'ஸ்பைரோஸ்' எண்ணெய்க் கப்பல் வெடித்ததும் கேஸ் கட்டிங் பொறியால்தான். 76 பேர் இறந்தார்கள்.

என் பக்கத்துக் கட்டில் தம்பி சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். டார்மிட்டரி பாத்ரூமில் வழுக்கியதாகச் சொல்லச் சொன்னார் சூப்பர்வைசர். வலியோடு வீட்டுக்குப் போன் போட்டான். "ஏஜெண்டு கடன் அடையலையே, பொறுத்துப் போப்பா" என்றார்கள். டாக்டரிடமும் பாத்ரூம் என்றே சொன்னான்; சீட்டில் அதுவே பதிந்தது. மடங்காத கையோடும் அடையாத கடனோடும் ஊர் வந்துவிட்டான்.

இவ்வளவுக்கும் இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. எங்களைப் போன்ற உடலுழைப்புத் தொழிலாளி எவருக்கும், சம்பளம் எவ்வளவானாலும், முதலாளி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். தப்பு யாருடையது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையில் பட்ட காயமாக இருந்தால் போதும். வைத்தியச் செலவு, எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) நாட்களுக்குச் சம்பளம், உறுப்பு பழுதானால் இழப்பீடு, உயிர் போனால் குடும்பத்துக்கு இழப்பீடு எல்லாம் உண்டு. இரைச்சலால் காது மந்தமானாலும் உண்டு. ஒர்க் பர்மிட்டை ரத்து செய்தாலும் இந்த உரிமை போகாது.

அதனால் காயம் என்று பிள்ளை போன் செய்தால், "டாக்டரிடம் என்ன சொன்னாய்?" என்று முதலில் கேளுங்கள். உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். எம்சியையும் விழுந்த இடத்தையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். மனிதவள அமைச்சில் புகார் கொடுக்கலாம். வழிகாட்ட வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது.

இழப்பீட்டு மனு போட விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருஷம்தான் கெடு. அடிபட்டு ஊர் திரும்பி, அந்த ஒரு வருஷம் முடியாதவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், இன்றே போய் இதைச் சொல்லுங்கள்.