சாக்குப்பையில் தீராத கணக்கு

பூனை தன் குட்டிகளை ஏழு இடம் மாற்றும் என்பார்கள். பெங்களூரின் சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அந்த வேலையைக் காவலாளிகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். படிக்கட்டில் அசிங்கம், இரவெல்லாம் கத்தல் என்று வாட்ஸ்அப் குழுவில் புகார் கிளம்பும். மறுநாள் காலையில் சாக்குப்பை தயார். ஏதோ ஒரு ஏரிக்கரையில் அவிழ்த்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

முடிவதில்லை. குப்பைத்தொட்டி அங்கேயே இருக்கும்வரை, காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்து சேரும். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். சாக்குப்பையால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு நினைவிருக்கட்டும். விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது.

புகார் சொல்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் அல்லர். கடுவன் பூனையின் மூத்திர வாடை கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் காயடித்த பூனையிடம் அந்த வாடையும் இரவுச் சண்டையும் பெருமளவு அடங்கிவிடும். புகாருக்கு மருந்தும் கருத்தடைதான்.

தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடும் வழியைச் சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1964-இல் தொடங்கியது. 2001-இல் மத்திய அரசு வகுத்த கருத்தடை விதிகளின் பெயரிலேயே ‘நாய்கள்’ என்ற சொல் இருந்தது. 2023-இன் புதிய விதிகளின் பெயரில் அது இல்லை. மும்பை மாநகராட்சி அதற்கும் முன்பே, 2019-இல், பூனைகளுக்குக் கருத்தடையைத் தொடங்கிவிட்டது. பெங்களூரிலோ 2023-இல் எடுத்த கணக்கில் 2.79 லட்சம் தெருநாய்கள் வந்தன. பூனைகளை எண்ணவில்லை.

நாய் பிடிக்கும் வலையோடு பூனையிடம் போனால் அது மதில் ஏறிவிடும். தீனி வைத்த கூண்டு, அதை மூட ஒரு துணி, தினமும் அங்கே சோறு வைக்கும் ஒருவரின் பொறுமை, இவை வேண்டும். அறுவை முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டி, பழைய இடத்திலேயே விட வேண்டும். பூனைகளுக்குச் சோறு வைப்பவர்கள் பலர் இதைச் சொந்தக் காசில் செய்கிறார்கள். திட்டு வாங்குவதும் அவர்களே. (தட்டை எடுத்துக் கழுவி வைக்கும் பொறுப்பும் அவர்களுடையதுதான்.)

2025 செப்டம்பர் முதல் நகரத்தில் ஐந்து மாநகராட்சிகள். ஒவ்வொன்றும் பூனைக் கருத்தடைக்கு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு ஒதுக்க வேண்டும். வார்டு அலுவலகத்தில் கூண்டுகளை இரவல் கொடுக்க வேண்டும். முதல் கூண்டுகளை சிவாஜிநகர் ரஸல் மார்க்கெட்டின் மீன்கடைப் பக்கம் வைக்கலாம். அங்கே பூனைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.