இரையும் அம்பிளிபயர்

மகனோ தம்பியோ பழைய வால்வுகளைத் தேடியெடுத்து வீட்டிலேயே ஓர் அம்பிளிபயர் செய்து வைத்திருக்கிறானா? நாகூர் ஹனிபாவின் இசைத்தட்டைப் போட்டால், பாட்டுக்கு முன்பே 'ம்ம்ம்' என்று வண்டு இரைகிறதா? சகோதரிகளே, குசினிக்குள் இருந்து "நிப்பாட்டு அதை" என்று சத்தம் போடுமுன் கொஞ்சம் காது கொடுங்கள். கோளாறு எங்கே என்பதை அந்த இரைச்சலே சொல்லிவிடும்.

வொலியூமை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால், அநேகமாக வால்வுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில்தான் குற்றம். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று முன்னும் பின்னுமாக ஓடுவது. அதை ஒரே திசைக்குத் திருப்பிய பிறகும் மிஞ்சும் அலைவை அடக்குவது கொண்டென்சர். அதன் உள்ளே இருக்கும் ஈரம் வருடங்கள் போகப்போகக் காய்ந்துவிடும். வால்வு பழையதாக இருக்கலாம், கொண்டென்சர் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

வொலியூமோடு சேர்ந்து இரைச்சலும் அடங்கினால், முன்பகுதியைப் பார்க்க வேண்டும். இசைத்தட்டுப் பெட்டியில் இருந்து வரும் வயருக்கு மேலே பின்னல் கம்பி சுற்றியிருக்கிறதா? வால்வின் இழையைச் சூடாக்கும் இரண்டு வயர்களையும் கயிறு திரிப்பதுபோல இறுக்கி முறுக்கியிருக்கிறதா? ஒன்றின் பாதிப்பை மற்றது அழித்துவிடும் என்பதால்தான் இந்த முறுக்கு.

'கறகற' என்றால் வேறு கதை. கல்முனை, மருதமுனை, நிந்தவூர் வீடுகளில் கடற்காற்று யன்னல் கம்பியையே விட்டுவைப்பதில்லை, வால்வின் ஊசிகளை விடுமா? பிளக்கைக் கழற்றி, கண்ணாடி நன்றாக ஆறிய பின் வால்வை நேராக மேலே இழுத்து, ஊசிகளை ஸ்பிரிட்டால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வால்வுக்குள் இழை செம்மஞ்சளாகத் தெரிவது இயல்பு. அதைச் சுற்றியுள்ள தகடே சிவந்தால் உடனே நிறுத்துங்கள். அந்த வால்வோடு டிரான்ஸ்போமரும் எரிந்து போகும்.

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. இசைத்தட்டுப் பெட்டிக்கும் அம்பிளிபயருக்கும் தனித்தனியே எர்த் இருந்தால் அதுவும் இரைச்சல் தரும். பிளக்கில் எர்த் வயரை வெட்டிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும். பையன்களுக்குப் பெரிய சந்தோஷம்! ஆனால் டிரான்ஸ்போமரில் கசிவு வந்தால் அந்த இரும்புப் பெட்டி முழுவதும் 230 வோல்ட். குசினியில் இருந்து ஈரக்கையோடு வந்து தொடுவது நீங்கள்தானே? பிளக்கின் எர்த் இருந்தபடி இருக்கட்டும். பெட்டிக்குள் ஒலி வரும் வழியின் எர்த் வயர்களையெல்லாம் ஒரே புள்ளியில் பற்றவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூத்தப்பாவின் வால்வு ரேடியோ இருந்தால் அதையும் கவனியுங்கள். டிரான்ஸ்போமர் இல்லாத சில செட்டுகளில் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டே நேராக மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். திருகும் குமிழ் கழன்று ஆணி வெளியே தெரிந்தால் பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

பிளக்கைக் கழற்றியதும் ஆபத்து போய்விடாது. கொண்டென்சருக்குள் 300 வோல்ட்டுக்கும் மேலே வெகுநேரம் தேங்கி நிற்கலாம். அதை வடிய விட ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாகப் பொருத்தச் சொல்லுங்கள். மூடியைத் திறந்ததும் மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். மீட்டர் இல்லாத வீட்டில் மூடியைத் திறக்கும் வேலையே வேண்டாம், ரேடியோ கடைக்குக் கொண்டு போகட்டும்.