ஒளி எங்கிருந்து வந்தது?



கதைப்படம் பார்க்கும்போது அது கற்பனை என்று அறிந்தே பார்க்கிறோம். தொலைக்காட்சியில் ஆவணப்படம் ஓடும்போதோ, கண்ணால் காண்பதனைத்தும் மெய்யென்று நம்பி அமர்ந்துவிடுகிறோம். ஆவணப்படமும் மனிதர் கட்டிய வீடுதான். அதன் தூண்களை அறிந்துகொள்வது நலம்.

நேரில் பிடித்த காட்சி, அவ்விடத்தின் இயல்பான ஓசை, சம்பந்தப்பட்டோரின் பேட்டி, பழைய படங்களும் பத்திரங்களும், பின்னணியில் ஒலிக்கும் விளக்கவுரை ஆகியவையே அத்தூண்கள். இவற்றை வெட்டியும் ஒட்டியும் வரிசைப்படுத்துவது படத்தொகுப்பு. எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற முடிவிலேயே படத்தின் கருத்து உருவாகிறது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். 1969-இல் பி.பி.சி. குழுவினர் அன்னை தெரேசாவின் பணியைப் படமாக்கக் கல்கத்தா வந்தனர். பேட்டி கண்டவர் மால்கம் மகரிட்ஜ். ஒளிப்பதிவாளர் கென் மக்மில்லன். காளிகாட்டில் மரணத் தறுவாயில் உள்ளோரைப் பேணும் 'நிர்மல் ஹிருதய்' இல்லத்தில் வெளிச்சம் மங்கியிருந்தது. படம் விழுமோ என்று ஐயுற்றே எடுத்தார்கள். இங்கிலாந்தில் கழுவிப் பார்த்தபோது காட்சிகள் தெளிவாக விளங்கின. அது தெய்வீக ஒளி என்று மகரிட்ஜ் நம்பினார். 1971-இல் வெளியிட்ட நூலில் அவ்வாறே எழுதினார். மக்மில்லனோ 1994-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வேறு காரணம் கூறினார். கோடாக் நிறுவனம் அப்போதுதான் கொண்டுவந்திருந்த புதிய படச்சுருளே அத்தெளிவுக்குக் காரணம் என்றார்.

காட்சி ஒன்று; விளக்கம் இரண்டு. படச்சுருள் எதையும் உரைக்கவில்லை, உரைத்தவர்கள் மனிதர்கள்.

அந்த ஒளியின் கதையை நாமும் மறையுரையில் பலமுறை சொன்னதுண்டு. இனிச் சொல்ல நேர்ந்தால், ஒளிப்பதிவாளரின் சாட்சியத்தையும் சேர்த்தே சொல்வோம். அதனால் அன்னையின் பெருமை குன்றுமோ? குன்றாது. தெருவில் கிடந்தோரைத் தூக்கிவந்து, கழுவித் துடைத்து, உணவூட்டி, கைபிடித்து வழியனுப்பிய சகோதரிகளின் தொண்டு மறுக்கவொண்ணாதது. உண்மைக்கு மெருகு வேண்டுவதில்லை. நல்லெண்ணத்தோடு சொன்ன மிகையும் மிகைதான்.

எனவே பெற்றோரே, அடுத்த முறை பிள்ளைகளோடு ஆவணப்படம் பார்க்கையில் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இக்காட்சி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது? பேசுபவர் தாம் கண்டதைச் சொல்கிறாரா, கருதுவதைச் சொல்கிறாரா? யாருடைய குரல் இதில் கேட்கவில்லை?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றார்கள் நம் முன்னோர். விசாரித்தறிவது விசுவாசக் குறைவன்று; உண்மையே உருவான இறைவனுக்கு நாம் செலுத்தும் மரியாதை அது.